ஜிலேபி என்றொரு மீன்

(1971–74 விலங்கியல் வகுப்பு மாணவர்களின் பொன்விழாச் சந்திப்பில், 2024-ஆம் ஆண்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் வாத்தியாராக இருந்தவனுக்கு ஐம்பது நிமிஷத்துக்குக் குறைவாகப் பேசி வழக்கமில்லை. ஆனாலும் முயற்சி செய்கிறேன். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

காலையில் வந்ததும் பந்தியில் என்ன மீன் என்று விசாரித்தேன். வஞ்சிரம் என்றார்கள். சங்கத்துக்கு வசதி வந்துவிட்டது, மிக்க மகிழ்ச்சி. நம் காலத்தில் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை என்ன மீன் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஆமாம், பின்வரிசையில் சரியாகச் சொல்கிறார்கள். ஜிலேபி. தலைக்கு ஒரு துண்டு, அதில் பாதி முள். குழம்பு மட்டும் தாராளம்.

அந்த ஜிலேபியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மீனைப் பற்றிக் கொஞ்சம், அதன் பெயரைப் பற்றி அதிகம். கடைசியில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கும் இந்தப் பெயர்தான் காரணம்.

மீனுக்கு எதற்கு மிட்டாய்ப் பெயர்? நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொன்னார், தட்டையாக, அகலமாக இருக்கிறது, ஜிலேபி போல. இன்னொருவர் சொன்னார், புதுசாகப் பிடித்து வறுத்தால் சதை இனிக்கும், அதனால் ஜிலேபி. மார்க்கெட்டில் ஒரு அம்மா, "சார், எண்ணெயில போட்டா சுருண்டுக்கும் பாருங்க, அதான்" என்றார். மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. மூன்றும் காரணமில்லை. பெயர் வந்த பிறகு பெயருக்காகக் கண்டுபிடித்த காரணங்கள் அவை.

காரணம் ரொம்ப எளிது. திலாப்பியா என்றார்கள் மீன்துறைக்காரர்கள். திலாப்பியா, திலேப்பி, ஜிலேப்பி, ஜிலேபி. அவ்வளவுதான். தமிழ் நாக்குக்கு அது எங்கேயும் ஒட்டாத சொல். ஒட்டாத சொல் வந்தால் நாக்கு என்ன செய்யும்? பக்கத்தில் தெரிந்த சொல் எது இருக்கிறதோ அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆகி, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிய கதை உங்களுக்குத் தெரியும். அதே வேலைதான் இங்கும். கேரளத்துக்காரர்கள் அதே திலாப்பியாவைப் பிலோப்பி, சிலோப்பி என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மிட்டாய்க்கடைப் பக்கம் போகவில்லை, நாம் போனோம்.

போனதோடு விடாமல், பின்னால் 'கெண்டை' என்றும் சேர்த்தோம். ஜிலேபிக் கெண்டை. இதுவும் நம் ஊர் வழக்கம்தான். வெளியிலிருந்து ஒரு மீன் வந்தால் அதைக் கெண்டை வீட்டில் தத்துக் கொடுத்துவிடுவோம். 1959-இல் இந்தியாவுக்கு வந்த இரண்டு சீன மீன்கள் புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை ஆயின. அவையாவது கெண்டை இனத்துக்குச் சொந்தம். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அப்படி ஓர் உறவும் கிடையாது. இதன் குடும்பம் வேறு, சிக்லிடே. அந்தக் குடும்பத்தில் இந்தியாவுக்கே சொந்தமான மீன்கள் மூன்றே மூன்று. அதில் ஒன்று, கேரளத்தில் வாழை இலையில் பொட்டலம் கட்டிப் பொரித்துத் தருகிறார்களே, அந்தக் கரிமீன். ஆக, ஐந்நூறு ரூபாய்க்குத் தட்டில் வரும் கரிமீனும், கூறு கட்டி விற்கும் ஜிலேபியும் தூரத்துப் பங்காளிகள்.

சரி, திலாப்பியா என்ற சொல் எங்கிருந்து வந்தது?

ஆண்ட்ரூ ஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ராணுவ டாக்டர். தென்னாப்பிரிக்காவில் இருந்தவர். 1834-இலிருந்து 1836 வரை அவர் தலைமையில் ஒரு குழு கேப் நகரிலிருந்து வடக்கே உள்நாட்டுக்குப் பயணம் போனது. கண்ணில் பட்ட மிருகம், பறவை, பாம்பு, மீன் எல்லாவற்றையும் சேகரித்தார்கள். திரும்பி வந்து எழுதிய நூலில், 1840-இல், ஒரு மீன் இனத்துக்குத் திலாப்பியா என்று பெயர் வைத்தார். லத்தீன் போல இருக்கிறது, ஆனால் லத்தீன் இல்லை. கிரேக்கமும் இல்லை. அந்த வழியில் வாழ்ந்த சுவானா மக்களின் சொல். இன்றைய போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடபகுதியிலும் பேசுகிற செட்சுவானா மொழியில் 'த்லாப்பி' என்று ஒரு சொல் உண்டு. அந்தத் 'த்லா'வை நாம் சரியாக உச்சரிக்க முடியாது, நாக்கின் பக்கவாட்டில் காற்று போக வேண்டும். ஸ்மித்தாலும் முடியவில்லை போலிருக்கிறது, வாலில் ஓர் 'ஆ' சேர்த்துத் திலாப்பியா ஆக்கிக்கொண்டார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? மீன். வெறும் மீன். இந்த மீன், அந்த மீன் என்றுகூட இல்லை. 'இது என்ன?' என்று கேட்டிருப்பார், 'மீன்' என்று யாரோ சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. அப்படியானால் 'ஜிலேபி மீன்' என்று நாம் சொல்வது மீன் மீன் என்று இரண்டு தடவை சொல்வதுதான்.

ஜிலேபி மட்டும் நம் ஊர்ச் சொல்லா? அதுவும் இல்லை. அரபியில் ஜலாபியா என்ற பலகாரம், பாரசீகம் வழியாக வடக்கே வந்து ஜலேபி ஆகி, நம்மிடம் ஜிலேபி ஆனது. ஓர் ஆப்பிரிக்கச் சொல், அரபுநாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டு ஏரிக்கரையில் கூறு போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாம் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வருகிறோம்.

சொல் வந்த வழி அது. மீன் வந்த வழி வேறு. நம் ஏரிகளில் பரவிய ஜிலேபிக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம். 1852-இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் மொசாம்பிக்கில் பிடித்த மீன்களைக் கொண்டு அதை வர்ணித்தார். அதனால்தான் பின்னால் 'மொசாம்பிகா' என்ற ஒட்டு. அங்கிருந்து ஜாவாவுக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. 1930-களின் இறுதியில் கிழக்கு ஜாவாவில் தென்கடலோரக் கழிமுகம் ஒன்றில் முஜாயிர் என்ற உள்ளூர்க்காரர் இதைக் கண்டு, வீட்டுக் குளத்தில் வளர்த்துப் பழக்கினார். அவர் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது. இந்தோனேசியாவில் இன்றும் இதை 'இக்கான் முஜாயிர்', முஜாயிர் மீன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. 1946-இல் சிங்கப்பூரிலிருந்து இதைத் தைவானுக்குக் கொண்டுபோனவர்கள் வூ என்று ஒருவர், குவோ என்று ஒருவர். தைவானில் இதற்குப் பெயர் வூ-குவோ மீன். கொண்டுவந்தவர் பெயரை மீனுக்கு வைத்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

தாய்லாந்தில் இன்னொரு கதை. இதன் அண்ணன் முறையான நைல் நதித் திலாப்பியாவை, 1965-இல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ தாய்லாந்து அரசர் பூமிபோலுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அரண்மனைக் குளத்தில் வளர்த்து, குஞ்சுகளை மக்களுக்குக் கொடுத்தார்கள். நைல் என்பதிலிருந்து 'பிளா நின்' என்று பெயர் வந்தது. அரேபியர்கள் கலிலேயா ஏரியில் கிடைக்கும் திலாப்பியாவை 'முஷ்ட்' என்பார்கள். முஷ்ட் என்றால் சீப்பு. முதுகுத் துடுப்பு சீப்புப் பல் மாதிரி நிற்கிறதல்லவா? அதே ஏரியில் பேதுரு பிடித்த மீனின் வாயில் வெள்ளிக்காசு இருந்ததாக பைபிள் சொல்கிறது. அதனால் அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு இது புனித பேதுருவின் மீன்.

நமக்கு இது 1952-இல் வந்தது. பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம், ரேஷன் காலம். எதைத் தின்றும் வளரும், சேற்றுத் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் வாழும், இரண்டு மூன்று மாதத்தில் முட்டை வைக்கும். ஏழைகளுக்குப் புரதம் கிடைக்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். கிடைக்கவும் செய்தது. ஆனால் குளத்தில் விட்ட பிறகுதான் தெரிந்தது, இது வளர்வதை விடப் பெருகுவதில்தான் கெட்டி. குளம் நிறையக் குஞ்சு, உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒன்றும் வளராது. மற்ற மீன்களுக்கு இடமும் போச்சு, தீனியும் போச்சு. 1959-இல் இனி இதைப் பரப்ப வேண்டாம் என்று மத்திய அளவில் மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது. அதற்குள் அமராவதி, வைகை என்று அணைகளிலெல்லாம் குடியேறிவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, ஜிலேபி தண்ணீரில் இருந்தது. பிற்பாடு 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, நைல் திலாப்பியாவில் நன்றாக வளர்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, 'கிஃப்ட்' என்ற புது ரகம் உண்டாக்கினார்கள். இப்போது நம் பண்ணைகளில் வளர்வது அதுதான். கிஃப்ட் என்பது அதன் நீளப் பெயரின் முதலெழுத்துகள். 'யார் சார் கிஃப்ட் குடுத்தாங்க?' என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். இன்னும் பத்து வருஷத்தில் பரிசு மீன் என்று ஆகிவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பாடம் இத்தோடு முடிந்தது. இனி கணக்கு.

1973-ஆம் வருஷம், இரண்டாம் ஆண்டு. விலங்கியல் ஆய்வுக்கூடம். நீள மேஜையில் பாட்டில்கள். ஃபார்மலின் நெடி கண்ணை எரிக்கும். மாதிரித் தேர்வு. ஒவ்வொருவராகப் போய், பாட்டிலைப் பார்த்து, ஆசிரியர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் ஒரு நண்பர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர். மீன்பாசி ஏலம் எடுத்த ஆளிடம் அவர் அப்பா வலை போட்டுக் கூலிக்கு மீன் பிடித்தார். விடுமுறையில் இவரும் அப்பாவோடு இரவில் வீச்சு வலை எடுத்துக்கொண்டு போவார். அந்த மீன் விற்ற காசில்தான் இங்கே ஃபீஸ் கட்டினார்.

அவர் முன்னால் வந்த பாட்டிலில் இருந்தது நம் மீன்தான். "என்ன இது?" என்றார் ஆசிரியர். நண்பர் தயங்கவே இல்லை. "ஜிலேபிக் கெண்டை சார். பொட்டை. தொண்டை இறங்கியிருக்கு பாருங்க, வாயில முட்டை வெச்சிருக்கு" என்றார்.

ஆசிரியர் சொன்னார்: "ஜிலேபி மிட்டாய்க்கடையில கெடைக்கும். இங்க வேணும்னா திலாப்பியா மொசாம்பிகா. போய் உக்காரு." முட்டை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பே சிரித்தது. யார் அதிகம் சிரித்தது என்று எனக்குத் தெரியும். நான்தான். சாயங்காலம் விடுதி வராந்தாவில் அவர் நடந்து வந்தபோது, "என்ன ஜிலேபி, சாப்பிட்டாச்சா?" என்று முதலில் கூப்பிட்டவனும் நான்தான். மறுநாளிலிருந்து அவர் எல்லோருக்கும் ஜிலேபி. பட்டம் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஜிலேபி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் இப்போதுகூட ஞாபகம் வராது.

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கேள்வி வந்தால் எழுந்து நிற்பார், தெரியாது சார் என்பார், உட்காருவார். தெரியும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று முதல் வருஷம் என்னிடம் சொன்னவர், பி.எஸ்ஸி.யோடு ஊருக்குப் போய்விட்டார். அதற்கு வீட்டுச் சூழ்நிலையும் காரணமாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்புக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

பிற்பாடு நான் வாத்தியாராகி, மீன் வகைப்பாடு நடத்த வேண்டி வந்தபோது, நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அந்த விவரத்தைப் பார்த்தேன். திலாப்பியா, சுவானா மக்களின் மொழியில் மீன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஓர் ஆற்றங்கரை மனுஷர் தன் பாஷையில் சொன்ன சொல்தான் திலாப்பியா. ஏரிக்கரை மனுஷர்கள் தங்கள் பாஷையில் சொன்னது ஜிலேபி. முதலாவதை டாக்டர் எழுதிக்கொண்டதால் அது விஞ்ஞானம். இரண்டாவதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அதனால் அது மிட்டாய்க்கடை.

இன்னும் கேளுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எத்தல்வின் ட்ரேவாவாஸ் என்று ஓர் அம்மையார். வாழ்நாளெல்லாம் இந்த மீன் குடும்பத்தை ஆராய்ந்தவர். முட்டையைத் தரையில் வைத்துக் காப்பவை வேறு, வாயில் வைத்துக் காப்பவை வேறு, எல்லாவற்றையும் திலாப்பியா என்ற ஒரே பெயரில் போடக்கூடாது என்று சொல்லி, வாயில் காப்பவற்றைச் சரோதெரோடான் என்று பிரித்தார். எந்த வருஷம்? 1973. நாம் ஆய்வுக்கூடத்தில் சிரித்த அதே வருஷம். பிறகு 1980-களின் தொடக்கத்தில் மறுபடி பிரித்து, நம் மீன் ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ் ஆனது. ஓரியோ என்றால் கிரேக்கத்தில் மலை. அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்த மீன் கிளிமஞ்சாரோ மலையடி ஏரியிலிருந்து வந்தது. ஆக இன்றைய விஞ்ஞானப்படி, நம் ஊர்ச் சேற்றுக் குட்டையில் நீந்துவது மொசாம்பிக் தேசத்து மலை மீன்! ஆசிரியர் சொன்ன பெயர் இரண்டு தடவை மாறிவிட்டது. நண்பர் சொன்ன பெயர் இன்றைக்கும் மார்க்கெட்டில் அப்படியே இருக்கிறது.

அந்த அம்மையார் எதை வைத்துப் பிரித்தார் என்பதைக் கவனியுங்கள். வாயில் முட்டை வைத்துக் காக்கும் வழக்கத்தை. முட்டையிட்டதும் தாய் மீன் அத்தனையையும் வாயில் எடுத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாள், ஏறத்தாழப் பட்டினி. குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகும், ஆபத்து என்றால் வாயைத் திறக்கும், குஞ்சுகள் உள்ளே ஓடிவிடும். அதை நம் நண்பர் பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். இத்தனையையும் சொல்லி, மேடையில் பேசலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பேரு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுப்பா. என் சம்சாரத்துக்கே தெரியாது. நான் வீட்டுல சொன்னதே இல்ல." ஐம்பது வருஷம்! விளையாட்டுப் பெயர் என்று நாம் நினைத்தது, வீட்டு வாசலுக்கு வெளியிலேயே அவர் வைத்துப் பூட்டிய பெயர்.

பிறகு அவரே, "பேசு. என் பேரைச் சொல்லாதே. ஆனா ஒண்ணு கேக்கணும். பேரு தப்பா இருந்துட்டுப் போகட்டும். பொட்டை, வாயில முட்டை இருக்குன்னு சொன்னேனே, அது சரியா தப்பான்னு அன்னைக்கு யாருமே சொல்லலையே?" என்றார்.

நண்பர்களே, அதற்கு விடை எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் வெளியில் சொல்லாததும் அதுதான். அடுத்த வாரம் பாட்டில்களுக்குப் புது ஃபார்மலின் ஊற்றினார்கள். உதவிக்கு நின்ற இரண்டு மாணவர்களில் நான் ஒருவன். அந்த மீனை எடுத்துத் தட்டில் சாய்த்தபோது வாய் விரிந்து, கடுகைவிடப் பெரிதாக, மஞ்சளாக ஏழெட்டு முட்டை உதிர்ந்தது. நான் பார்த்தேன். விடுதிக்குப் போய் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெயர் அன்றே ஒழிந்திருக்கலாம். பெயர் வைத்தவன் நான், எனக்கு அதை விட மனசில்லை. போனில் இதைச் சொன்னேன். "ஓ, பார்த்தியா நீ?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். எங்கே என்று திரும்பிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அவருடைய மகள் மீன்வளப் பட்டப்படிப்பு முடித்து வேலையில் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஐயா, அன்று அந்தக் கேள்விக்கு ஐந்து மார்க். பெயரும் சரி, பொட்டை என்றதும் சரி, முட்டை என்றதும் சரி. ஐந்துக்கு ஐந்து. ஐம்பத்தொரு வருஷம் கழித்து, அதைப் போட எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, பார்த்த சாட்சி நான் ஒருவன்தான் மிச்சம், அதனால் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக்குப் போகும்போது அவரைப் பார்த்தால், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மறந்திருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்வார்.

பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வஞ்சிரம் ஆறுகிறது.